ஐடா அம்மையார் அடைத்த நன்றிக்கடன்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் அண்ணன் போனில் கேட்டபோது, யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. காலம், பீம், சிலாப் என்று கணக்குப் போட்டுப் பிழைக்கிறவன் நான். கடைசியாக நாலு பக்கத்துக்கு மேல் எழுதியது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட். அதிலும் பாதி என் ரூம்மேட் எழுதியது. (அவனும் இந்தச் சந்திப்புக்கு வருவான். மேடையில் சொல்லிவிடப் போகிறானே என்று நானே முந்திக்கொண்டேன்.)

ஆனால் நாம் எதற்காகக் கூடுகிறோம் என்று யோசித்தால், நன்றி சொல்லத்தான். அதனால் நன்றியைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன். அதை எனக்குக் கற்றுத்தந்தது ஒரு புத்தகம் இல்லை. ஒரு ஆயாவும், அந்த ஆயா சொன்ன ஒரு டாக்டரம்மாவின் கதையும்தான்.

என் ஊர் மண்டகப்பட்டு. ஹாஸ்டலில் ஊர் பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது. செஞ்சிக் கோட்டை தெரியுமா, விழுப்புரத்திலிருந்து அங்கே போகிற வழியில் இருக்கிறது என்று விளக்க வேண்டும். ஊருக்கு ஒரே பெருமை, மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக் கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதைச் செய்தேன் என்று அந்த ராஜா கல்வெட்டில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 1,400 வருஷம் ஆகிறது. மூன்றாம் வருஷம் நம் கிளாஸ் பசங்க சிலர் வந்து பார்த்துவிட்டு, சிமென்ட் இல்லாமலா என்று வாயைப் பிளந்தார்கள்.

எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். எனக்கு அங்கே பிடிக்காத ஒரே விஷயம், ஸ்தோத்திரக் காணிக்கை வாசிப்பது. கவரின் மேல் எழுதியிருப்பதை ஐயர் சத்தமாக வாசிப்பார். மல்லாட்டை நல்ல விளைச்சல் என்று ஒரு வீட்டார் பத்து ரூபாய். ஆடு ரெண்டு குட்டி போட்டதற்கு எங்க ஆயா அஞ்சு ரூபாய். நான் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினதற்கு இன்னொரு அஞ்சு. ஆட்டுக்கும் எனக்கும் ஒரே ரேட்டா என்று கோபமாக வரும். கொஞ்சம் வளர்ந்த பிறகு, சபை நடுவில் இதையெல்லாம் வாசிக்கிறார்களே என்று கூச்சமாக இருக்கும். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியபோது, காணிக்கை போட்டாயா என்று ஆயா கேட்டாங்க. படிச்சது நான், பரீட்சை எழுதினது நான், இன்டர்வியூ போனது நான், யாருக்கு எதற்கு நன்றி சொல்லணும் என்று பதில் சொல்லிவிட்டேன். ஆயா ஒண்ணும் பேசவில்லை. அவங்க சுருக்குப்பையிலிருந்தே என் பேரில் காணிக்கை போட்டுவிட்டாங்க என்பது பிறகுதான் தெரிந்தது.

சில வருஷம் கழித்து என் மனைவிக்குப் பிரசவம். நடுராத்திரியில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. நான் வராந்தாவில் நிற்கிறேன். எத்தனை மாடி கட்டியிருந்தால் என்ன, அந்த நேரத்தில் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுமே இல்லை. ஒரு டாக்டரம்மாவும் இரண்டு நர்சம்மாக்களும் விடிகிற வரைக்கும் போராடி, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பெண் குழந்தை. டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு அந்த டாக்டரம்மாவின் பேரைக் கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆயா முழங்கால் போட்டு ஜெபித்தாங்க. வழக்கமான ஸ்தோத்திரம் எல்லாம் முடிந்த பிறகு, திண்டிவனத்து மூன்று பெண்களுக்காகவும் ஒரு வார்த்தை சொன்னாங்க. எங்கள் வீட்டில் எந்தப் பிரசவம் நல்லபடியாக முடிந்தாலும் ஆயா இப்படிச் சொல்வது வழக்கம். சின்ன வயசில் அந்த மூன்று பேரும் தூரத்துச் சொந்தம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் யார் அவங்க என்று கேட்டேன். ஆயா சொன்ன கதையும், அதற்கப்புறம் நான் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

வேண்டாம் என்று ஓடிய பெண்

ஐடா சோபியா ஸ்கடர் 1870ஆம் வருஷம் டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு இருந்த மருத்துவர். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்த நேரத்தில் கையில் கிடைத்த சின்னப் பிரசுரம் ஒன்றைப் படித்து மனம் மாறி, 1819ல் கப்பலேறியவர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல வருஷம் வைத்தியம் பார்த்தார். 1836ல் சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்களில் ஏழு பேர் இந்தியாவிலேயே மிஷனரிகளாக வேலை செய்தார்கள். பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களில் வேலை செய்த ஆற்காடு மிஷன் அந்தப் பிள்ளைகள் 1853ல் ஆரம்பித்தது. அவர்களில் ஒருவரான இன்னொரு டாக்டர் ஜான்தான் ஐடாவின் அப்பா.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண் தானாகவே அந்த வழியில் போயிருப்பார் என்று நினைப்போம். அதுதான் இல்லை. 1876லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் ஐடாவின் சின்ன வயசில் வந்தது. மிஷன் வளாகத்துக்கு வந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டைத் தாமாக எடுத்துத் தின்னக்கூடத் தெம்பில்லை. ஆறு வயசுக் குழந்தை ஐடா ரொட்டியைப் பிய்த்து அவர்கள் வாயில் ஊட்டினாள். பாதையோரத்தில் செத்துக் கிடந்த பிள்ளைகளையும் பார்த்தாள். 1878ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனபோது, அப்பாடா என்றுதான் இருந்தது. பின்பு அப்பாவும் அடுத்து அம்மாவும் இந்தியா திரும்பிவிட, சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தார். பெற்றோரைப் பிரித்த தேசம் என்று இந்தியாமேல் மனசில் ஒரு கசப்பு. நார்த்ஃபீல்டில் இருந்த பெண்கள் பள்ளியில் படித்து, கலகலப்பான, குறும்புக்காரப் பெண்ணாக வளர்ந்தார். கல்யாணம், வீடு, அமெரிக்க வாழ்க்கை, இதுதான் அவர் ஆசை. எந்தக் காரணத்தைக் கொண்டும் மிஷனரி ஆவதில்லை என்பது தீர்மானம்.

ஜூனியர் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். குடும்பம் போட்டுக் கொடுத்த பாதை வேண்டாம் என்று சொல்வது பாவமில்லை. ஐடாவும் அப்படித்தான் சொன்னார்.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

1890ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தார்கள். எங்க ஊரிலிருந்து செஞ்சிக்குப் போய் பஸ் மாறினால் போய்ச் சேருகிற அதே திண்டிவனம். அம்மாவைப் பார்த்துக்கொண்டு சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் ஐடா வந்தார்.

அந்த நாட்களில் ஒரு ராத்திரி, ஐடா அறையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பிராமண வாலிபர் வந்தார். இளம் மனைவி பிரசவ வேதனையில் சாகக் கிடக்கிறாள், ஐடா வந்து பார்க்க வேண்டும் என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. வேற்று ஆண் ஒருவர் என் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டு அந்த வாலிபர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் கணவர் வந்தார். அதே வேதனை, அதே பதில். மூன்றாவதாக இன்னொரு உயர்ஜாதி இந்துக் கணவர். அவரும் அப்படியே திரும்பிப் போனார்.

அன்றிரவு ஐடா தூங்கவில்லை. காலையில் ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்தக் கணவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை. அவர்கள் ராத்திரியில் ஓடி வந்தவர்கள். அவர்கள் பிரியத்தைவிட ஊர் வழக்கம் பெரிதாக நின்றது. கதவைத் தட்டினார்கள், உள்ளே இருந்தவருக்கு வைத்தியம் தெரியவில்லை, அவ்வளவுதான். வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற எனக்கு அந்த மூன்று பேருடைய நிலைமை நன்றாகவே புரிகிறது.

அறைக்குள் போய் ஜெபித்து அழுத ஐடா வெளியே வந்து, அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிக்கப்போகிறேன், திரும்பி வருவேன் என்று பெற்றோரிடம் சொன்னார். 1895ல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் 1898ல் அங்கே மாறி, 1899ல் பட்டம் வாங்கினார்.

ஒரு கணவரின் நன்றி

திரும்பும் முன் வேலூரில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டப் பணம் சேர்க்கவேண்டியிருந்தது. படித்த பெண் பேசினால் எல்லோரும் கேட்டார்கள், பாராட்டினார்கள். பணம் மட்டும் அவ்வளவாகச் சேரவில்லை. நம் சங்கத்துக்கு நன்கொடை வசூலிக்கப் போனவர்களுக்கு இந்த அனுபவம் நன்றாகத் தெரியும்.

ஒரு வீட்டில் ஐடா ஒரு அம்மையாரிடம் ஆஸ்பத்திரியின் தேவையைப் பேசிக்கொண்டிருந்ததை அங்கிருந்த ஷெல் என்ற வயதான வங்கிக்காரர் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். காசு விஷயத்தில் இறுக்கமானவர் என்று பெயரெடுத்தவர். அவர் கூப்பிட்டு அனுப்பி, இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். வேலூரில் முதலில் எழுந்த ஆஸ்பத்திரிக்கு மேரி டேபர் ஷெல் என்று அந்த மனைவியின் பெயர்தான். ஒரு கணவர் மனைவிக்குச் சொன்ன நன்றி, கடல் தாண்டி வந்து இங்கே கட்டிடமாக நின்றது. அவர் வேலூரைப் பார்த்ததில்லை. அங்கே பிழைத்த பெண்களுக்கு அவர் யாரென்று தெரியாது. எங்க ஆயா யாருக்கென்று தெரியாமல் காணிக்கை போடுவதும் இந்த வகைதான் போலிருக்கிறது.

1900ஆம் வருஷத் தொடக்கத்தில் ஐடா வேலூருக்கு வந்தார். அப்பாவின் பக்கத்தில் இருந்து தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். மே மாதத்திலேயே அப்பா புற்றுநோயில் இறந்துபோனார். கையில் புதுப் பட்டம், அனுபவம் கிடையாது. ஆரம்பித்தது பங்களாவில் ஒரே ஒரு படுக்கை போட்ட கிளினிக். முதலில் ஜனங்கள் வரத் தயங்கினார்கள். பிறகு வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். இரண்டு வருஷத்தில் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார். 1902ல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி அவரே போனார். வேலூரிலிருந்து குடியாத்தம் போகிற பாதையில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி, மருந்து கொடுத்து, கட்டுப் போட்டு, பல் பிடுங்கி, தொழுநோயாளிகளைத் தனியே உட்காரவைத்துப் பார்த்து அனுப்புவார். முதலில் மாட்டு வண்டி. 1909ல் ஒரு பெஜோ கார் வந்தது. அதுவரை கார் பார்த்திராத ஜனங்கள் பேய் வருகிறது என்று வயல்வெளியில் ஓடினார்கள். கொஞ்ச நாளில் அதே கார் சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். அந்த 1909லேயே நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கவும் தொடங்கினார்.

தன்னோடு முடியக் கூடாது

ஒரு டாக்டர் எத்தனை கதவைத்தான் திறப்பார்? மூன்று பேர் வந்த அந்த ராத்திரியில் ஐடாவே டாக்டராக இருந்திருந்தாலும், மூன்று வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போயிருக்க முடியாது. நம் மொழியில் சொன்னால், ஒரே காலத்தின் மேல் முழுக் கட்டிடத்தையும் நிறுத்த முடியாது. அதனால் இந்த மண்ணின் பெண்களையே டாக்டர் ஆக்கவேண்டும் என்று முடிவு செய்தார். சென்னையில் மருத்துவத் துறையின் தலைமை அதிகாரி, மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்று சொல்லித்தான் அனுமதி கொடுத்தார். 151 பேர் விண்ணப்பித்தார்கள். 1918 ஆகஸ்ட் 12ஆம் தேதி வேலூரில் பெண்களுக்கான மிஷன் மருத்துவப் பள்ளி திறந்தது. சில புத்தகங்கள், ஒரு எலும்புக்கூடு, ஒரு மைக்ராஸ்கோப். பாடம் நடத்தியதில் பெரும்பங்கு ஐடாவே. முதல் பரீட்சையில் மாகாணத்தின் ஆண் மாணவர்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார் என்றும், வேலூர்ப் பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள் என்றும் இன்றுவரை அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். லேப் வசதி இல்லை என்று குறை சொல்லிக்கொண்டு திரிந்த என் போன்றவர்கள் இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்ளலாம்.

1928ல் காந்தியடிகள் வந்து பார்த்தார். 1932ல் பாகாயத்தில் கல்லூரி வளாகம் திறந்தது. எல்லாம் நன்றாகப் போகிறது என்னும்போது இடி விழுந்தது. 1930களின் கடைசியில், பட்டயப் படிப்பு போதாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தினால்தான் மருத்துவப் பள்ளி நடத்தலாம் என்று அரசாங்கம் விதி கொண்டுவந்தது. அதற்குப் பணம் வேண்டும், பேராசிரியர்கள் வேண்டும், கட்டிடங்கள் வேண்டும். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் மற்ற மிஷன்களின் உதவி கிடைக்கும். பெண்களுக்கென்று கொடுத்த பணத்தை எப்படி ஆண்களுக்குச் செலவழிப்பது என்று பழைய ஆதரவாளர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். பல வருஷ நட்பு முறிகிற நிலைமை. ஐடாவுக்கு இது பெரிய மனவேதனை. பெண்களுக்காக ஆரம்பித்தது அவர்தானே. ஆனால் கல்லூரியே மூடிப்போவதைவிட இதுவே மேல் என்று ஏற்றுக்கொண்டார். 70 வயதுக்கு மேல், உலகப் போர் நடக்கிற நேரத்தில், அமெரிக்கா முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பணம் கேட்டார். 1942ல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் கிடைத்தது. 1947ல் முதல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல வருஷம் அம்மாவைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டார். மாணவிகள் பிள்ளைகள் மாதிரி. ரோஜாச் செடி வளர்ப்பதும் டென்னிஸ் ஆடுவதும் ரொம்பப் பிடிக்கும். வயதான பிறகும் இளசுகளை ஓடவிட்டு ஆடுவாராம். நாள் ஜெபத்தில் ஆரம்பிக்கும், வேலையில் கழியும். பக்தி ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே பாட்டுப் பாடும் எங்க ஆயாவும் அப்படித்தான்.

1946ல் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருஷம் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை மூலம் சரிசெய்யும் வழியைக் கண்டார். மரத்தடியில் ஐடா கட்டுப் போட்டு அனுப்பிய நோயாளிகளின் கை, மறுபடி கலப்பை பிடிக்கிற கையானது. 1960 மே மாதம், 89 வயதில், ஐடா அம்மையார் காலமானார். அடுத்த வருஷமே இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவை சிகிச்சை அந்த ஆஸ்பத்திரியில் நடந்தது. 2022ல் அவர் பிறந்த ராணிப்பேட்டை மாவட்டத்திலேயே புது வளாகமும் திறந்தாயிற்று.

நமக்கு என்ன?

இந்த வாழ்க்கையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு விஷயம். நன்றி என்றால் நமக்குக் கிடைத்ததற்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். ஐடா அம்மையார் 60 வருஷம் உழைத்தது, கிடைக்காமல் போன மூன்று பேருக்காக. அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. பெயர்கூடப் பதிவாகவில்லை. அதனால் அடுத்து வந்தவர்களுக்குக் கொடுத்தார். வேலூரில் ஸ்பான்சர்ஷிப்பில் படித்து முடிக்கிற பிள்ளைகள், குறிப்பிட்ட காலம் சின்ன ஊர்களின் மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யவேண்டும் என்ற ஏற்பாடு இன்றும் இருக்கிறது. நன்றியை நெஞ்சில் மட்டும் வைத்தால் மறந்துபோகும். அதையே ஒரு ஏற்பாடாக ஆக்கிவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும். இன்ஜினியர்களுக்கு இது புரியாமல் போகாது.

பிரசவ வார்டில் அன்று ராத்திரி நின்ற அந்த டாக்டரம்மா எங்கே படித்தவரோ எனக்குத் தெரியாது. ஆனால் நம் பக்கத்து ஊர்களில் ஒரு பெண் டாக்டர் ராத்திரி டூட்டியில் இருப்பது இன்றைக்குச் சாதாரண விஷயமாகிவிட்டது என்றால், அது தானாக நடக்கவில்லை. வேலூரில் ஐடா போல, எங்கெங்கோ யார் யாரோ அதற்காக உழைத்திருக்கிறார்கள்.

ஆயா போன வருஷம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாங்க. அறுப்பின் பண்டிகைக்கு நாங்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். மல்லாட்டை மூட்டை, பூசணிக்காய், சேவல் எல்லாம் வழக்கம்போல ஏலம் போனது. காணிக்கைக் கவரில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். என் முதல் சம்பளத்துக்காக, தாமதமாக, என்று எழுதிப் போட்டேன். ஐயர் சத்தமாக வாசித்தார். இந்தத் தடவை எனக்குக் கூச்சமாக இல்லை. என் மகள் மட்டும், தாமதமாக என்றால் என்னப்பா என்று கேட்டாள்.

நண்பர்களே, இந்தக் கல்லூரியில் நாம் படித்த பெஞ்சும், லைப்ரரி புத்தகமும், சிலருக்கு ஃபீஸே கூட, நமக்கு முன்னால் போன யாரோ கொடுத்தது. அவர்களைத் தேடிப்பிடித்து நன்றி சொல்ல முடியாது. ஆனால் இப்போது முதல் வருஷம் சேர்ந்திருக்கிற, ஃபீஸ் கட்ட முடியாத ஒரு தம்பியோ தங்கையோ இங்கேதான் இருக்கிறார்கள். சந்திப்பு முடிந்து போகும் முன் சங்கத்தின் உதவித்தொகை மேஜைக்கு ஒரு நடை போய்வருவோம். தாமதமானாலும் பரவாயில்லை.

— சிவில் பிரிவு, 2007–2011